கரும்பலகையில் இரு வினாக்கள்: சிங்கப்பூர்ச் சீன ஓவியரின் தைலவண்ண ஓவியங்கள் பற்றி ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழ் விமர்சனம் சிறுகதைக்கும் நாவலுக்கும் கவிதைக்கும் அளித்த கவனத்தில் ஒரு சிறு பங்கையேனும் ஓவியத்துக்கு அளித்ததெனக் கூற முடியாது. யதார்த்தவாதம், உருவம், உள்ளடக்கம் என்பன பற்றி நாம் நிகழ்த்திய வாதப்பிரதிவாதங்கள் பெரும்பாலும் எழுத்தையே மையமாகக் கொண்டிருந்தன. ஓவியத்தை நாம் நூல்களின் அட்டைகளிற் கண்டோம். அதற்கப்பால் அதிகம் தேடியதில்லை. இந்நிலையிற் சீன ஓவியரின் தைலவண்ணப் படைப்புக்கள் குறித்து ஒரு தமிழ் ஆய்விதழில் எழுத முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுபவை பீக்கிங்கிலோ ஷாங்காயிலோ தோன்றிய ஓவியங்கள் அல்ல. தமிழரும் கூலிகளாகவும் எழுதுவினைஞர்களாகவும் சென்று வாழ்ந்த சிங்கப்பூரில், பெரும்பாலும் 1950களில், சீனப் பாடசாலைகளிற் பயின்ற இளைஞர்கள் வரைந்தவை. அவற்றுள் ஒன்று எழுப்பும் வினா, தோப்பூரிலிருந்து நோக்கும்போது அதனை வரைந்தவர் கருதியிராத ஒரு பொருளைப் பெறுகின்றது. இக்கட்டுரைக்கு அதுவே ஏதுவாயிற்று.

சிங்கப்பூரும் திருகோணமலையும் ஒரு காலத்தில் ஒரே கடற்படையின் இரு துறைமுகங்களாக இருந்தவை. 1942 பெப்ரவரி 15ஆந் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்பிரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையிற் குண்டு வீசின. பிரித்தானியர் இங்கிருந்த தளத்தை 1957இற் கையளித்துச் சென்றனர். இரண்டு துறைமுகங்களுமே வெளியூர்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் உழைப்பில் இயங்கியவை. ஆகவே கொட்டியாரக்குடாவின் தென்புறத்தில் வாழும் ஒருவன் அந்நகரின் ஓவியங்களை முற்றிலும் அந்நியமானவையாகக் கொள்ள வேண்டியதில்லை.

சில காலத்துக்கு முன் நண்பர் சிலரும் நானும் சேர்ந்து இவ்வோவியங்களுட் சிலவற்றின் பெரிதாக்கப்பட்ட அச்சுப்பிரதிகளைத் தோப்பூரில் ஒரு பொது மண்டபத்தின் சுவரில் இரண்டு நாட்கள் மாட்டிவைத்தோம். மாணவர்களை எண்ணிச் செய்த முயற்சி அது. அச்சுப்பிரதி ஓவியமாகாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். தைலவண்ணத்தின் தடிப்பும், தூரிகை சென்ற தடமும், ஆளி விதை எண்ணெய் மெல்ல உலர்வதால் ஓவியனுக்குக் கிடைக்கும் அவகாசத்திற் பிறக்கும் நிறக்கலப்பும் காகிதத்தில் வரா. எஞ்சுவது அமைப்பும் பொருளுமே. ஆயினும் அவ்விரண்டைக் கொண்டே வந்தவர்கள் நிறையப் பேசினார்கள். அவர்களுள் ஒருவர் கூறியதைப் பின்னர்க் குறிப்பிடுவேன்.

தைலவண்ணம் சீனத்துக்கு வந்து சேர்ந்த ஊடகம். மையும் தூரிகையும் காகிதமும் பட்டும் கொண்ட நீண்ட மரபொன்று அங்கிருக்க, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மாணவர்கள் யப்பானுக்கும் பாரிசுக்கும் சென்று இதனைக் கற்றனர். 1919இற் பிரான்சுக்குப் புறப்பட்டு 1927இற் திரும்பிய சூ பெய்ஹோங் அவர்களுள் முதன்மையானவர். மனித உடலை நேரிற் பார்த்துப் பயின்று வரைதல் என்பதை அவர் ஒரு கொள்கையாகவே நிலைநாட்டினார். பின்னர், 1955 தொடக்கம் 1957 வரை பீக்கிங்கிற் சோவியத் ஓவியர் மக்சிமோவ் நடத்திய பயிற்சி வகுப்பு சோசலிச யதார்த்தவாதத்தின் செய்முறையைப் புகுத்தியது.

இடதுசாரிக் கலைஞர் யாவரும் தைலவண்ணத்தை வரவேற்றனர் என்று கொள்ளலாகாது. 1931இல் லூ சூன் ஷாங்காயில் ஒரு மரச்செதுக்கு வகுப்புக்கு ஏற்பாடு செய்தார். மரச்செதுக்கு மலிவானது, ஒரு பலகையிலிருந்து நூற்றுக்கணக்கான பிரதிகளை எடுக்கலாம், கையிற் கொண்டுசெல்லலாம். தைலவண்ண ஓவியமோ ஒன்றே ஒன்று; துணியும் வண்ணமும் விலை கூடியவை; வாங்குபவன் சுவரில் அது தங்கிவிடும். 1972இல் ஜோன் பேர்ஜர் தமது ‘பார்க்கும் முறைகள்’ என்னும் நூலில், ஐரோப்பியத் தைலவண்ண ஓவிய மரபு உடைமையின் பார்வையே என்று வாதிட்டார். தொட்டுவிடலாம் போலத் தோன்றும் பட்டும் வெள்ளியும் பழங்களும் அவற்றை வைத்திருப்பவனின் உரிமையை அவனுக்கே காட்டிக்கொடுப்பவை என்பது அவர் கருத்து. எமது வாசகர்க்கு இக்கருத்து உவப்பானதே. எனினும் அதனை அப்படியே ஏற்றுக்கொண்டால், ஒரு வறிய மாணவன் ஏன் தைலவண்ணத்தைத் தேடிப்போனான் என்பதற்கு விடை கிடையாது. தேசாதிபதிக்கும் நகரபிதாவுக்கும் கிடைத்த அளவையும் ஆழத்தையும் வீதி வேலை செய்பவனுக்கும் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கும் கொடுக்க வேண்டும் என்பதே அவன் நோக்கமாக இருந்திருத்தல் வேண்டும். உடைமையின் கருவியைப் பறித்து, உடைமையற்றவனுக்கு அதனைப் பயன்படுத்துவதும் ஒரு போராட்டமே.

அதிகாரத்திலுள்ள புரட்சி தைலவண்ணத்தை என்ன செய்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. டொங் சிவென் 1953இல் வரைந்த ‘தேசத்தின் பிரகடன விழா’ சீனத்தின் புகழ்வாய்ந்த ஓவியங்களுள் ஒன்று. காவோ காங் பதவியிழந்தபின் அவருருவம் அதிலிருந்து நீக்கப்பட்டது. கலாசாரப் புரட்சியின்போது லியூ ஷாவோசியின் உருவம் அகற்றப்பட்டது. ஓவியர் தமது ஓவியத்தைத் தாமே அழித்து மாற்ற வேண்டியவரானார். பின்னர் ஒரு பிரதியில் அவ்வுருவங்கள் மீண்டும் சேர்க்கப்பட்டன. ஓவியம் அரசின் இடாப்பாக மாறும்போது யாருடைய பெயர் அதில் இருக்கிறது, யாருடையது வெட்டப்பட்டது என்பதே அதன் வரலாறாகிவிடுகிறது. முற்போக்காளர் இதனைச் சொல்லத் தயங்கியமை நமது பலவீனங்களுள் ஒன்று.

சிங்கப்பூரிற் சீன ஓவியர்களின் தைலவண்ணக்கலைக்கு நிலையான பயிற்சிக்களமாயிற்று, லிம் ஹாக் தையின் தலைமையில் 1938இல் தொடங்கிய நன்யாங் நுண்கலைக் கழகம். 1952இல் லியூ காங், சென் வென் சி, சென் சொங் சுவீ, சியொங் சூ பியெங் ஆகிய நால்வரும் பாலித் தீவுக்குச் சென்று அங்குக் கண்டவற்றை வரைந்தமை, ‘நன்யாங் பாணி’ என்று பின்னர் வழங்கப்பட்டதன் முக்கிய கட்டமாகக் கொள்ளப்படுகிறது. அவ்வோவியங்களின் வண்ண இனிமையை மறுப்பதற்கில்லை. ஆனால் அதே ஆண்டுகளில் அந்நகரின் இளைய தலைமுறை வேறு திசையை நோக்கியது. 1954 மே மாதத்திற் சீனப் பாடசாலை மாணவர் கட்டாய தேசிய சேவைப் பதிவை எதிர்த்துப் பொலிசாருடன் மோதினர். 1955இல் ஹொக் லீ பஸ் தொழிலாளர் போராட்டம் நிகழ்ந்தது. அக்கொந்தளிப்பிலே திரண்ட இளம் ஓவியர் 1956இற் பூமத்தியரேகைக் கலைச் சங்கத்தை நிறுவினர். மாலை வகுப்புக்களும் கண்காட்சிகளும் நடத்திய அச்சங்கம் ஓவியத்தோடு மட்டும் நின்றுவிடவில்லை. தனவந்தர் ஆதரவில் நடைபெற்ற காட்சிகளிலிருந்து வேறாக, தாமே கூடித் தமது மக்களுக்குக் காட்டிய காட்சிகள் அவை. 1974இல் அச்சங்கம் இல்லாதொழிந்தது.

இச்சூழலில் உருவானவர் சுவா மியா டீ. சீனத்தின் சுவாத்தோவில் 1931இற் பிறந்து, சிறுவயதிற் சிங்கப்பூர் வந்து, நன்யாங் கழகத்திற் பயின்றவர். அவரது ‘மலாயாவின் காவியம்’ (1955) ஓர் இளைஞன் வாசிக்க, மாணவர் கூட்டமொன்று சூழவிருந்து கேட்கும் காட்சி. விடுதலை உணர்வு ததும்பும் ஓவியம்தான். எனினும் மேடைப் பேச்சின் சாயல் அதிற் சற்று மிகையாகவே உண்டு. முகங்கள் உணர்ச்சியைக் காட்டுகின்றன. காட்டுகின்றன என்பது நமக்குத் தெரியும்படியும் இருக்கின்றன. எமது ஐம்பதுகளின் சில சிறுகதைகளைப் படிக்கும்போதும் இதே சங்கடம் தோன்றுவதுண்டு.

நான்கு ஆண்டுகளின் பின், 1959இல், அவர் வரைந்த ‘தேசிய மொழி வகுப்பு’ இக்குறையைக் கடந்தது. 112 சதம மீற்றர் உயரமும் 153 சதம மீற்றர் அகலமும் கொண்ட துணி. அலங்காரமற்ற ஓர் அறை. வட்டமேசையைச் சுற்றி மாணவர்கள், அவர்கள் சீனர். ஆசிரியர் மலாய்க்காரர். அவருக்கருகிற் கரும்பலகை. அதில் மலாய் மொழியில் இரண்டு வினாக்கள் எழுதப்பட்டுள்ளன: சியாப்பா நாமா காமு? டி மானா அவா திங்கால்? உன் பெயர் என்ன? நீ எங்கே வசிக்கிறாய்? இவ்வளவுதான். எவரும் முழங்கவில்லை, எவரும் கையை உயர்த்தவில்லை. ஒரு மொழியின் அரிச்சுவடிப் பாடம் நடக்கிறது.

அவ்வாண்டு ஜூன் மாதத்திற் சிங்கப்பூர் உள்நாட்டுத் தன்னாட்சி பெற்றது. மலாய் தேசியமொழியெனக் கொள்ளப்பட்டது. நகரிற் பெரும்பான்மையினர் சீனர். ஆயினும் மலாயாவோடு சேர்ந்த ஒரு பொதுவான நாட்டைக் கனவுகண்ட சீன இளைஞர், தம்மவரல்லாதாரின் மொழியைத் தாமாகவே கற்க முன்வந்தனர். சீன இனவெறியர் என்று குடியேற்ற ஆட்சியாளரால் இகழப்பட்டவர்களும் இவர்களே. எண்ணிக்கையிற் பெரியவர் சிறியவரின் மொழியை மாணவராய் அமர்ந்து கற்கும் காட்சி, எங்கள் நாட்டில் அவ்வேளையில் நடந்தவற்றோடு ஒப்பிடும்போது நெஞ்சை உறுத்துகிறது. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகருமமொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கியது. தமிழ் அரசாங்க ஊழியர் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்ற வேண்டியவராயினர். 1987ஆம் ஆண்டுப் பதின்மூன்றாவது திருத்தமே தமிழையும் ஓர் ஆட்சிமொழி என்றது. ஒரு மொழியைக் கற்பது இழிவல்ல. அதனைக் கற்றாலொழியச் சம்பளமில்லை என்பது வேறு. சுவா மியா டீயின் வட்டமேசை இவ்வேறுபாட்டையே புலப்படுத்துகிறது. வரிசையாக வாங்குகள் இட்ட வகுப்பாக அதனை அவர் வரையவில்லை. மேசையைச் சுற்றி இருப்பவர்களுள் முதல்வனும் இல்லை, கடையனும் இல்லை.

அக்கனவு நிலைக்கவில்லை என்பதும் வரலாறு. 1965இற் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது. அவ்வாண்டின் சட்டப்படி மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் ஆட்சிமொழிகள், மலாய் தேசியமொழி. நடைமுறையில் ஆங்கிலமே மேலோங்கிற்று. அவ்வகுப்பில் அமர்ந்திருந்தோர் கற்க விரும்பிய மொழி, பெரும்பாலும் தேசிய கீதத்தின் மொழியாயிற்று.

2015 நவம்பரிற் சிங்கப்பூர்த் தேசிய கலைக்கூடம் திறக்கப்பட்டது. முன்னாள் உயர்நீதிமன்றமும் நகர மண்டபமுமே அதன் கட்டிடங்கள். ஒரு காலத்தில் அரசின் சந்தேகத்துக்குள்ளான வட்டத்தின் ஓவியங்கள் இப்போது அரசின் சுவர்களில் இடம்பெற்றன. அதில் எனக்கு ஆட்சேபனையில்லை. ஓவியங்கள் கறையானுக்கு இரையாவதினும் அது மேல். என் கவனத்தை ஈர்த்தது வேறொன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலான சிங்கப்பூர் ஓவியத்தை முறைப்படுத்திக் காட்டிய அக்கலைக்கூடத்தின் தொடக்கக் கண்காட்சிக்கு ‘சியாப்பா நாமா காமு?’ என்றே பெயரிடப்பட்டது. சுவா மியா டீயின் கரும்பலகையிலிருந்து எடுத்த தலைப்பு. முதல் வினாவை எடுத்தனர், இரண்டாவதை விட்டுவிட்டனர்.

தலைப்புச் சுருக்கமாக இருத்தல் வேண்டும் என்று காரணங் கூறலாம். அது போதிய விளக்கமாகாது. உன் பெயர் என்ன என்பது அடையாளம் பற்றிய வினா. இனம், மரபு, பண்பாடு, தேசியம் என்று அதற்கு விடைகள் விரியும். அரசுகளுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் அவ்விடைகள் உகந்தவை. நீ எங்கே வசிக்கிறாய் என்பதோ நிலத்தையும் கூரையையும் வாடகையையும் பற்றிய வினா. அட்டாப்புக் குடிசையா, தொடர்மாடியா, தொழிலாளர் விடுதியா? யாருடைய காணி? யார் எழுப்பினால் எழுந்து போக வேண்டும்? அச்சங்கத்தைச் சேர்ந்தோரின் ஓவியங்கள் உண்மையில் இவ்விரண்டாவது வினாவையே மீண்டும் மீண்டும் கேட்டன. லாய் குய் ஃபாங்கின் ‘பெடோக் வெள்ளம்’ (1959) அத்தகையது. அதிகாரிகள் வருவதைக் கண்டு தெருவோர வியாபாரிகள் பண்டங்களை அள்ளிக்கொண்டு ஓடுவதைக் காட்டும் கோ சியா யொங்கின் ‘இதோ வருகிறார்கள்!’ (1965) அத்தகையது. அடையாளத்தைத் தலைப்பில் நிறுத்தி வாழிடத்தை விட்டமை, யதார்த்தவாத ஓவியம் கலைக்கூடத்துக்குட் புகும்போது எதனை வாசலில் விட்டுச் செல்கிறது என்பதற்குச் சான்று.

இம்முடிபுக்கு நான் தனியே வந்தேன் என்று கூறுவது நேர்மையாகாது. எங்கள் மண்டபத்துக்கு வந்தவர்களுள் வயதான ஒரு விவசாயி இருந்தார். கரும்பலகையிலுள்ளவற்றின் பொருளை அவருக்குத் தமிழிற் சொன்னேன். அவர் சிறிது நேரம் படத்தைப் பார்த்துவிட்டு, “சேர், இது சென்றியில கேட்ட கேள்விதானே. ரெண்டும் அதே முறைதான். முதல்ல பேர், பொறகு ஊர்,” என்றார். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் சிரித்தனர், அவர் சிரிக்கவில்லை.

போர்க்காலத்திற் காவலரண்களைக் கடந்த எவரும் அதனை உணர்வர். பெயரைக் கொண்டு தமிழரா, முஸ்லிமா, சிங்களவரா என்பது தீர்மானமாகும். ஊரைக் கொண்டு அவ்வழியாற் போகலாமா, திரும்ப வேண்டுமா, இறங்கி நிற்க வேண்டுமா என்பது தீர்மானமாகும். 2006 ஓகஸ்ட் மாதத்தில் மூதூர்ப் பிரதேச முஸ்லிம் மக்கள் ஆயிரக்கணக்கிற் கந்தளாயை நோக்கி நடந்தனர். அதே ஆண்டிற் சம்பூர்த் தமிழ் மக்கள் வேறு திசையில் மட்டக்களப்பை நோக்கிப் போயினர். அவர்களுட் பலருக்கு 2015இன் பின்னரே தம் காணிகளுக்குத் திரும்ப முடிந்தது. இருசாராரும் பேசியது ஒரே மொழி. மூதூர் தந்த எழுத்தாளர் வ. அ. இராசரத்தினம் ‘தோணி’யிற் கையாண்ட மண்ணின் தமிழ் இருவருக்கும் பொதுவானது. பொதுமொழி பொதுமக்களை உருவாக்கும் என்ற ‘தேசிய மொழி வகுப்பின்’ நம்பிக்கை இங்கு இடறுகிறது. எங்களிடம் மொழி ஏற்கெனவே பொதுவாக இருந்தது, அது போதவில்லை. பெயர் பிரித்தது, வாழிடம் இன்னும் பிரித்தது. அந்நம்பிக்கையை எள்ளுவதற்காக இதனைச் சொல்லவில்லை. வட்டமேசையின் ஆசிரியரும் காவலரணிற் துப்பாக்கியுடன் நிற்பவனும் ஒரே சொற்களைத்தான் உச்சரிக்கின்றனர்; கேட்டவன் பதிலுக்குத் தன் பெயரைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறானா இல்லையா என்பதிலேயே வேறுபாடு தங்கியுள்ளது. மொழி வகுப்பில் மாணவன் அதே வினாவை ஆசிரியரிடம் திருப்பிக் கேட்பான். பாடத்தின் இயல்பே அதுதான்.

ஓவியத்தின் மீதும் ஒரு குறை சொல்ல வேண்டியிருக்கிறது. பொதுவான நாட்டைக் கற்பனை செய்த அம்மேசையிற் சீனர் இருக்கின்றனர், மலாய்க்காரர் இருக்கிறார், தமிழர் இல்லை. 1952இலேயே கோ. சாரங்கபாணி தமிழர் திருநாளைத் தொடங்கிவைத்த நகரம் அது. ‘தமிழ் முரசு’ வெளிவந்துகொண்டிருந்த நகரம். ஒவ்வோர் ஓவியத்திலும் இனவாரியாகத் தலைகளை எண்ணுவது விமர்சனம் ஆகாது என்பதை அறிவேன். ஆயினும் இவ்வோவியரின் படைப்புலகில் இந்தியர் இல்லாமலில்லை. 1955இல் அவர் வரைந்த ‘வீதியமைப்புத் தொழிலாளி’ ஓர் இந்தியத் தொழிலாளியின் உருவமே. பரிவோடு வரையப்பட்டது, உழைத்துக் களைத்த உடலை அலங்கரிக்காமற் காட்டுவது. ஒரு கூலிக்குத் தைலவண்ணம் தரக்கூடிய கனத்தையும் கண்ணியத்தையும் அது தருகிறது. மேலே பேர்ஜருக்கு எதிராக நான் கூறியதற்கு அதனினும் நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

இது சுவா மியா டீயோடு தொடங்கியதுமன்று. சூ பெய்ஹோங் 1939இற் சிங்கப்பூரில் யுத்த நிவாரண நிதிக்காகக் கண்காட்சி நடத்திவிட்டு, தாகூரின் அழைப்பின்பேரிற் சாந்திநிகேதனம் சென்றார். 1940இல் இந்தியாவிலே ‘மலையைப் பெயர்த்த மூடக்கிழவன்’ என்னும் அவரது பேரோவியம் உருவாயிற்று. 1945 ஜூனில் மாஓ தமது உரையில் எடுத்தாண்டதால் எமது முற்போக்கு வாசகர் நன்கறிந்த கதைதான் அது. மலையைக் கொத்தும் அத்திடகாத்திரமான உருவங்களுக்கு இந்தியரும் மாதிரிகளாக அமர்ந்தனர். சீனத்தின் விடாமுயற்சியைக் குறிக்க இந்தியனின் தோளும் முதுகும் பயன்பட்டன. சகோதரத்துவத்தின் அடையாளமாக அதனைக் கொள்வோர் உண்டு. நானும் ஒருவகையில் அவ்வாறே கொள்கிறேன். ஆனால் இரு ஓவியங்களிலும் இந்தியன் உடலாகவே வருகிறான். மண்வெட்டி அவனுக்கு உண்டு. கரும்பலகை இல்லை.

சுவா மியா டீயின் மாணவர்களிடம் பெயரும் வாழிடமும் கேட்கப்படுகின்றன. வீதியமைப்புத் தொழிலாளியிடம் அவை கேட்கப்பட்டனவா என்பதற்கு ஓவியத்தில் அடையாளமில்லை; தலைப்பு அவனது தொழிலை மட்டும் கூறுகிறது. எங்கள் மண்டபத்தில் அவ்விரு பிரதிகளையும் அடுத்தடுத்து மாட்டியிருந்தோம். அது திட்டமிட்டதன்று, சுவரில் இருந்த ஆணிகள் அவ்வாறு அமைந்திருந்தன. இரண்டாம் நாள் மாலை அவற்றைக் கழற்றும்போது, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தொழிலாளியின் படத்துக்குக் கீழே பென்சிலால் அவ்விரு வினாக்களையும் தமிழில் எழுதியிருக்கக் கண்டோம். பதிலுக்கென இரண்டு கோடுகளும் போட்டிருந்தாள்.